எம்புட்டு தேறும்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். தாகம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். தண்ணீர் கேட்டால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வீட்டுப் பெண்கள் அடுப்படிப் பக்கம் போவார்கள், நாமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்வாசல் வரைக்கும் போய்விடலாம். ராஜபாளையத்தைச் சுற்றி நான் தண்ணீர் குடிக்காத ஊர் கிடையாது. காலையில் நீங்கள் இந்தத் தம்ளரை என் பக்கம் தள்ளியபோது நான் சிரித்தேன் அல்லவா, அதற்குக் காரணம் இதுதான் சார். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் கண்ணுச்சாமி. குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கிளையில். ஆட்கள் குறைவாக இருக்கும் பட்டறைகள், சின்ன ஆலைகள், செங்கல் சூளைகள் எல்லாம் தங்கள் தொழிலாளர்களுக்காக எங்களிடம் பாலிசி எடுத்திருக்கும். வேலையிடத்தில் ஒருவன் மெஷினில் மாட்டினாலோ மேலேயிருந்து விழுந்தாலோ முதலாளி எனக்கு போன் போடுவார். அந்தக் கேஸ் முடிய வருஷக்கணக்கில் இழுக்கும். கம்பெனி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கடைசியில் இது எவ்வளவில் போய் நிற்கும் என்று இன்றைக்கே கணித்து, ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அதை ரிசர்வ் என்போம். அந்தத் தொகையைச் சொல்வதுதான் என் வேலை. மதுரையிலிருந்து மேலதிகாரி போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "கண்ணுச்சாமி, இது எம்புட்டு தேறும்?"

இந்தத் 'தேறும்' என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நேற்று நான் கொடுத்த வாக்குமூலம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. நோயாளி பிழைத்துக்கொண்டாலும் தேறிவிட்டான் என்கிறோம். ஒரு காரியத்தில் கைக்கு எவ்வளவு வரும் என்பதற்கும் எவ்வளவு தேறும் என்கிறோம். செத்துப்போன என் நண்பன் இசக்கிமுத்துவின் மனைவி வெள்ளத்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து "தேறுமாண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். "தேறாது தாயி" என்றேன். அவள் புருஷனைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், நான் பணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அவர்கள் அவனை மூச்சு மெஷினிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் இறந்துபோனான். ஆளைப் பற்றிக் கேட்பதென்றால் 'தேறுவாகளா' என்றுதானே நம் பக்கத்தில் கேட்பார்கள் என்று நான் சொன்னபோது உங்கள் ஸ்டேஷன் ரைட்டரே தலையை ஆட்டினார். வாய்ச்சொல்லால் வந்த வினை என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

இன்றைக்கு அதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் நினைக்க வேண்டாம், ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். கணக்கில் பிசகு இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சங்கதி. கேட்கச் சங்கடமாக இருக்கும். வேலையில் அடிபட்டவன் இறந்துவிட்டால் கொடுப்பது ஒரு தொகை. இறக்காமல், எந்த வேலைக்கும் ஆகாமல் படுத்துவிட்டால் கொடுப்பது அதைவிடப் பெரிய தொகை. ஆஸ்பத்திரிச் செலவு வேறு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். சட்டம் அப்படி, நான் எழுதியதில்லை. ஆகவே படுக்கையில் கிடப்பவன் எவ்வளவு காலம் கிடப்பான் என்பது பிடிபடாமல் ரிசர்வ் போட முடியாது. மற்ற கிளைகளில் இருப்பவர்கள் டாக்டர் எழுதியதைப் பார்ப்பார்கள். டாக்டர் முறிந்த எலும்பைப் பற்றி எழுதுவார், வீட்டைப் பற்றி எழுத மாட்டார். நான் கொடியைப் பார்ப்பேன்.

துணி காயப்போடுகிற கொடியைச் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவர்களை விபத்து கொல்வதில்லை, முதுகுப்புண் கொல்கிறது. ஈரத்திலேயே கிடந்தால் தோல் ஊறும், புண் வைக்கும், சீழ் பிடிக்கும், அப்புறம் காய்ச்சல். இதைத் தடுக்க மருந்து எல்லாம் பெரிதாக வேண்டாம். யாராவது ஒருத்தர் புரட்டிப் போட்டு, துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி மாற்றுகிற வீட்டில் பின்பக்கக் கொடியில் பழைய சேலைக் கிழிசலும் வேட்டித் துண்டுமாக எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வீட்டு ஆள் கிடப்பான், வருஷக்கணக்கில் கிடப்பான், ரிசர்வைக் கூட்டிப் போட வேண்டும். கொடி வெறுமனே கிடந்தால் அடுத்த தீபாவளி அவனுக்கு இல்லை. முன்வாசலில் என்ன அழுகை அழுதாலும் சரி. தண்ணீரைக் குடித்துவிட்டு, தைரியம் சொல்லிவிட்டு வந்து தொகையைக் குறைத்துப் போடுவேன். அநேகமாகத் தப்பாது. ஆபீஸில் எனக்கு ஜோசியர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கேலியாக ஆரம்பித்ததுதான், போகப் போக மதுரைக்காரர்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இசக்கிமுத்துவை எனக்குப் பழக்கமாக்கியதும் ஒரு விபத்துதான். ராஜபாளையத்துக்கு வெளியே பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் அவன் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். அங்கே நீராவிக் குழாய் வெடித்து ஒருவருக்கு உடம்பு வெந்துபோனது. முதலாளி ஒரு கதை சொன்னார். இசக்கிமுத்து என்னை வாசல் வரைக்கும் வழியனுப்ப வருகிற மாதிரி வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். சொன்னதற்கு ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வாய்த்த ஒரே நண்பன் என்று அவனைத்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சேக் முகைதீன் கடையில் டீ குடிப்போம். அவன் என்னை அண்ணாச்சி என்பான். என் வீட்டில் நான் ஆபீஸ் விஷயம் பேசுவதில்லை. சொன்னால் என் மனைவி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இவன் முகம் சுளிக்காமல் கேட்பான். அதனால் கொடி விஷயத்தை இந்த உலகத்தில் அவன் ஒருவனிடம் மட்டும் சொன்னேன்.

சொன்னபோது அவன் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப துணி மட்டும் இருந்தா ஆளு கெடப்பாகளா அண்ணாச்சி?" என்று கேட்டான். கிடப்பார்கள் என்றேன். டீ ஆறிப்போகும் வரை கிளாஸை மறுபடி எடுக்கவே இல்லை. நான் என் திறமையை நினைத்துத்தான் மலைத்துப்போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் என் கணக்கு பிசக ஆரம்பித்தது. தளவாய்புரத்தில் ஒரு தையல் கம்பெனிப் பெண், மாடிப்படியில் விழுந்தவள், கொடி காலியாக இருந்த வீடு. குறைத்துத்தான் போட்டேன். அவள் சாகவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் ஒருவர், அவரும் சாகவில்லை. போகப் போக இப்படி நாலைந்து பேர். நான் தேறாது என்று போட்டவர்கள் எல்லாம் வரிசையாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். ரிசர்வ் பற்றாமல் போனால் மேலே எல்லோருக்கும் தலைவலி. மதுரையிலிருந்து ஒரு நாள் மேலதிகாரி, "என்ன ஜோசியரே, கிரகம் சரியில்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் யாரோ சிரிப்பது போனில் கேட்டது. எனக்கு வரவேண்டிய மதுரை மாற்றல் என்னிடம் வேலை பழகியவனுக்குப் போனது. அவன் இனிப்புப் பெட்டியோடு வந்து என் காலில் விழுந்து கும்பிட்டான். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வாழ்த்தினேன்.

எங்கே தப்பு என்று பார்க்க, பழைய வீடுகளுக்கு மறுபடியும் போனேன். கூமாப்பட்டியில் சங்கிலிப்பாண்டி என்று ஒருவன், சூளையில் டிராக்டர் டிரெய்லர் சாய்ந்து இடுப்பு நொறுங்கியவன். அவன் மனைவி நாச்சியாரிடம் வழக்கம் போலத் தண்ணீர் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். முதல் தடவை மொட்டையாகக் கிடந்த கொடி இப்போது வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தது. பழைய சேலை இல்லை. மெல்லிய, கண்ணறை விட்டு நெய்த பேண்டேஜ் துணி, ஓரத்தில் நீல நூல். அந்த நீல ஓரம் எந்த ஆலையுடையது என்று எனக்குத் தெரியும். அந்த ஆலையில் பழுதாகி ஒதுக்கின துணியைக் குறைந்த விலைக்கு ஆட்கள் வாங்கிக்கொள்ளலாம்.

யார் கொடுத்தது என்று கேட்டேன். நாச்சியார் ஒளிக்கவே இல்லை. "புதுப்பட்டி இசக்கி அண்ணந்தான். வாரத்துக்கொருக்கா வண்டியில கொண்டாந்து போட்டுருவாக. கொடி வெறுமனே கெடக்கக் கூடாது தாயின்னு சொல்லிக் குடுத்தாக. நீங்க அவுகளுக்குச் சிநேகிதமாமே, உங்களப் பத்தி ரொம்பப் பெருமையா சொல்லுவாக."

தம்ளரைப் பாதித் தண்ணீரோடு கீழே வைத்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு விஷயத்தை நம்பி அவனிடம் சொன்னேன். அவன் ஊர் ஊராகப் போய் என் கண்ணில் மண்ணைத் தூவுகிற மாதிரி கொடி கட்டிவிட்டு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறான், என் மாற்றல் போனதற்கு வருத்தப்படுகிறான், திங்கட்கிழமை மறுபடியும் துணி மூட்டையைக் கட்டுகிறான். எதிரி செய்திருந்தால் எனக்கு வலித்திருக்காது.  வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. துணி கொடுத்ததால் அவர்கள் பிழைத்தார்கள், இதில் என்ன துரோகம் என்று கேட்கப் போகிறீர்கள். பிழைத்தது சந்தோஷம்தான், நான் வேண்டாம் என்றா சொன்னேன். என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொல்லியிருந்தால் நான் ரிசர்வைக் கூட்டிப் போட்டிருப்பேன், என் பெயரும் கெட்டிருக்காது. அவன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அதை நான் அவனிடம் கேட்கவும் இல்லை. அவனாகச் சொல்வான் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன்.

அவன் விழுந்தது ஐப்பசி மழையில். ஆலைக் கூரையில் ஒழுகல் அடைக்க ஏறியிருக்கிறான், ஷீட்டு உடைந்து உள்ளே விழுந்துவிட்டான். கழுத்தும் தலையும். முதலாளி எனக்குத்தான் முதலில் போன் போட்டார், பாலிசிக்காக. ஆட்டோ பிடித்து ராஜபாளையம் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்போது நான் அழுததும் பொய்யில்லை. வெள்ளத்தாய் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அண்ணே, நீங்க வந்துட்டீக" என்றாள். வந்ததே போதும் என்கிற மாதிரி இருந்தது அவள் சொன்னது. அதிலிருந்து டாக்டரிடம் பேசுவது, மருந்துக்குச் சீட்டு வாங்குவது எல்லாம் நான்தான். டாக்டர் வெளியூர்க்காரர், சின்ன வயது. அவர் பேசுவது அவளுக்குப் பாதி புரியாது. அவர் சொல்லிவிட்டுப் போனதும் என் முகத்தைப் பார்ப்பாள்.

முதல் வாரம் நினைவில்லாமலே கிடந்தான். தொண்டையில் துளை போட்டு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் நான் போனபோது நர்ஸ் ஜெபா ஓடிவந்தாள். நினைவு வந்துவிட்டது, எல்லாம் புரிகிறது, கண்ணைத் தட்டிப் பதில் சொல்கிறார் என்றாள். ஒரு தடவை இமை தட்டினால் ஆமாம், இரண்டு தடவை தட்டினால் இல்லை என்று அவளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வெள்ளத்தாய் அப்போது ஊருக்குப் போயிருந்தாள், மாடு கன்று பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸுக்கு வருவதாக இருந்தது. ஜெபாவுக்கு டூட்டி முடிந்து, அக்கா வீட்டு விசேஷத்துக்கு லீவில் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அக்காட்ட நீங்களே சொல்லிருங்க சார், சந்தோசப்படுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். உயிருக்கு இனிப் பயமில்லை, கொஞ்ச நாளில் மெஷினிலிருந்து எடுத்துவிடலாம், கழுத்துக்குக் கீழே மட்டும் அசைவு வராது, ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் இருப்பார், பேச்சுகூட வரும் என்றார். வீட்டுக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று தயங்கினார். நான் சொல்லிக்கொள்கிறேன் டாக்டர், என் கூடப்பிறந்தவள் மாதிரி என்றேன். அவருக்கு ஒரு பாரம் குறைந்தது.

பிறகு நான் இசக்கிமுத்துவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இதுதான் நேற்று நான் சொல்லாதது. என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். ஒரு தட்டு. வலிக்கிறதா என்றேன். இரண்டு தட்டு. அவன் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை, சந்தோஷமாக இருந்தான் என்றுதான் தோன்றியது.

"கூமாப்பட்டிக்குத் துணி கொண்டு போனது நீதான?" என்று கேட்டேன்.

ஒரு தட்டு.

"நான் சொன்ன கொடி விஷயத்த வச்சுத்தான செஞ்ச?"

ஒரு தட்டு, உடனேயே. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என்னைய ஏமாத்தணும்னுதான?"

இரண்டு தட்டு.

"நீ செஞ்சது தப்புன்னு ஒனக்குத் தோணுதா இசக்கி?" என்றேன்.  எனக்கு ஒரு தட்டுப் போதும், தப்புதான் என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவன் இரண்டு தட்டினான். அதற்கப்புறம் நான் கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் அவன் ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டே இருந்தான், ஏதோ ஒன்றை நான் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறவன் மாதிரி. ஸ்டூலைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளத்தாய் ஊரிலிருந்து வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை, பை நிறைய வெள்ளைத் துணி. வீட்டில் இருந்த மூட்டையிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் 'தேறுமா' என்று கேட்கவில்லை சார். நேற்று நான் சொன்னது தவறு. "தேறுவாகளாண்ணே?" என்றுதான் கேட்டாள். பணத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் 'தேறாது' என்று சொல்லவில்லை. "தேறமாட்டான் தாயி" என்றேன். நினைவு இனி வராது, மெஷின்தான் மூச்சு விடுகிறது, கண் திறந்து மூடினாலும் அது தானாக நடப்பது, உள்ளே ஆள் இல்லை, இங்கே கிடந்து சீரழிய வேண்டாம், வீட்டில் வைத்து உயிர் போனால் அவனுக்கும் நிம்மதி என்றேன். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நீங்க எம்புட்டுப் பேரப் பாத்திருக்கீக, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டான். டாக்டருக்கு முகம் மாறிவிட்டது, எல்லாம் தெரிந்துதான் இந்த முடிவா என்று அவனிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். "அண்ணாச்சி வெவரமாச் சொல்லிட்டாக சார்" என்றான் அவன். டாக்டர் என்னைப் பார்த்தார். ஏழைக் குடும்பம், ஆயுசுக்கும் தூக்கிச் சுமக்க அவர்களால் ஆகாது என்று ஒதுக்கமாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கூட வந்த ஆள் கையால் பையை அமுக்கி அவனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி நின்றபோது வீட்டுக்கு போன் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று சொன்னேன். என் மனைவி, இசக்கி அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கூடத்தான் இருக்கிறேன் என்றேன். வழியெல்லாம் வெள்ளத்தாய் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள், அவன் கண்ணை அவள் பக்கம் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டு வந்தான். வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லி நான் ஒரு துண்டை எடுத்து அவன் கண்ணுக்கு மேல் போட்டேன்.

வ. புதுப்பட்டியில் இசக்கிமுத்து வீட்டில் கூட்டம். கட்டிலை முன்னறையில் போட்டு அவனைக் கிடத்தினார்கள். பழக்க தோஷம், யாரிடமோ தண்ணீர் கேட்டுவிட்டு நான் பின்பக்கம் போனேன். அங்கே நாச்சியார் இருந்தாள், தளவாய்புரத்துப் பெண்ணின் அம்மா இருந்தாள், இன்னும் எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண்கள். விழுந்த சேதி கேட்டு முந்தின நாளே வந்தவர்கள். அவன் சேர்த்து வைத்திருந்த மூட்டையைப் பிரித்து, அவ்வளவையும் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு கொடி பற்றவில்லை, வேப்பமரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் புதிதாகக் கயிறு கட்டியிருந்தார்கள். நீல ஓரம், நீல ஓரம், பார்த்த இடமெல்லாம். "வீட்டுக்கு வந்தாகன்னா தேவப்படுமேன்னு செஞ்சோம் சார், இங்க வந்த பொறவு பொழைக்க மாட்டாகன்னு சொல்லுதாக" என்றாள் நாச்சியார்.

என் அனுபவத்தில் அப்படி ஒரு கொடியை நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவன் எத்தனை வருஷம் கிடப்பான் என்று நான் கணித்தேன். என்னை அறியாமலே மனதில் தொகை ஓடிவிட்டது. நான் போட்டதிலேயே பெரிய ரிசர்வாக இருந்திருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். உள்ளே போனேன்.

பையை அமுக்கிக்கொண்டிருந்தவர் அடுத்த வாடகைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.  எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்று தலையை அசைத்தேன், அவர் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முதலில் வெள்ளத்தாய் அவன் வாயில் பால் விட்டாள். அப்புறம் நீங்களும் விடுங்கள் அண்ணே, உங்கள் மேல்தான் உயிராக இருந்தார்கள் என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். குனிந்தேன். துண்டு எப்போது விலகியதோ தெரியவில்லை, அவன் கண் எனக்கு நேராக இருந்தது. இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் இரண்டு தட்டு. அதே மாதிரி விடாமல், வர வர வேகமாக. "அண்ணே, அவிய என்னமோ சொல்லுதாகளே" என்றாள் வெள்ளத்தாய். "ஒண்ணும் இல்ல தாயி, உசுரு போற நேரத்து இழுப்பு" என்று சொல்லிப் பாலை விட்டேன். கடைவாயில் வழிந்ததை அந்த நீல ஓரத் துணியாலேயே துடைத்துவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு ஜெபா லீவிலிருந்து வந்து விசாரித்திருக்கிறாள். தட்டுக் கணக்கை அவள் வெள்ளத்தாயிடம் சொன்னதும்தான் அவர்கள் உங்களிடம் வந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று ஜெபா கேட்டாள். வெள்ளத்தாய் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டாள். இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். இரண்டு தட்டு என்றால் இல்லை, அது எனக்குத் தெரியும். எதற்கு இல்லை என்றான் என்று நான் எப்படிச் சொல்வேன்? அப்போது நான்தான் அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லையே சார்.